மூச்சைத் தேடிய டாக்டர்

இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. கினிப் பன்றியின் ரோமம் பட்டால் போதும், மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

(பெயர்தான் பன்றி. பார்ப்பதற்குப் பெரிய எலி போல இருக்கும். மருத்துவச் சோதனைகளுக்காக வளர்ப்பார்கள்.)

அப்படிப்பட்டவர் என்ன செய்யவேண்டும்? கினிப் பன்றி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அவர் நேர்மாறாகச் செய்தார். கினிப் பன்றியின் ரோமத்தைத் தண்ணீரில் போட்டு 'ரசம்' வைத்தார்! அந்த ரசத்தைப் பனிபோன்ற துளிகளாக்கி, மூச்சோடு உள்ளே இழுத்தார். சிறிது நேரத்தில் நெஞ்சு அடைக்கும். விசில் ஊதுவதுபோல இரைக்கும். அந்தத் திணறலிலேயே ஒரு கருவிக்குள் ஊதி, மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கு எடுப்பார்.

இதை அவர் ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, ஆண்டுக்கணக்கில் செய்தார்.

ஆஸ்துமா வந்தபிறகு தணிக்கும் மருந்து அப்போதே இருந்தது. வராமலே தடுக்கும் மருந்து வேண்டும். அதைத் தேடித்தான் இந்தப் பாடு!

அந்த டாக்டரின் பெயர் ரோஜர் அல்டூன்யன்.

கதையில் வந்த சிறுவன்

அல்டூன்யன் 1922-ல் சிரியா நாட்டில் அலெப்போ நகரத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா ஆர்மீனியர். அலெப்போவில் ஆஸ்பத்திரி கட்டியவர். தந்தையும் டாக்டர். தாய் இங்கிலாந்துக்காரர்.

1928-ல் இந்தக் குடும்பம் இங்கிலாந்தின் ஏரிப் பகுதிக்குக் கோடையைக் கழிக்கப் போயிருந்தது. குழந்தைகள் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டி விளையாடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்ப நண்பர் ஆர்தர் ரான்சம், ஒரு சிறுவர் நாவல் எழுதினார். 1930-ல் வெளிவந்த அந்த நாவல் இன்றும் விற்பனையாகிறது. அதில் வரும் குட்டிப் பையனின் பெயர் ரோஜர். நம் ரோஜரின் பெயர்தான்!

பையன் வளர்ந்தான். இரண்டாவது உலகப்போர் வந்தது. ரோஜர் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி ஆனார். பதக்கமும் பெற்றார். போர் முடிந்தபின் டாக்டருக்குப் படித்தார். அலெப்போ திரும்பி, குடும்ப ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை மூண்டது. அங்கே இருக்க முடியவில்லை. இங்கிலாந்துக்கு வந்து, செஷயர் மாவட்டத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

ஓமத்தின் உறவுச் செடி

மத்தியதரைக் கடல் நாடுகளில் 'கெல்லா' என்று ஒரு செடி உண்டு. ஓமம், கொத்தமல்லி எல்லாம் அதற்குச் சொந்தக்காரச் செடிகள். வயிற்று வலி, நெஞ்சு வலிக்கு அதன் விதையைக் கொடுப்பது அந்த நாடுகளில் பழைய வைத்தியம். அந்த விதையில் இருந்த சத்தை ஒட்டி, ரசாயன நிபுணர்கள் புதிய புதிய பொருள்களைச் செய்தார்கள்.

எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். "பிராணிக்கு வரும் இரைப்பு வேறு, மனிதனுக்கு வரும் ஆஸ்துமா வேறு" என்பது அல்டூன்யனின் கட்சி. ஆகவே தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். முதலில் மருந்தை இழுப்பார். பிறகு ரோம ரசத்தை இழுப்பார். மூச்சு அடைத்தால் அந்த மருந்து தோல்வி. மறுபடி அடுத்த மருந்து, அடுத்த ரசம்!

1965-ல் ஒரு மருந்து பலித்தது. ரசத்தை இழுத்தும், நெஞ்சு முன்போல அடைக்கவில்லை. குரோமோகிளைக்கேட் என்று பெயர். 1960-களின் பிற்பகுதியில் அது கடைக்கு வந்தது.

அந்த மருந்து தூளாக இருந்தது. விழுங்கினால் பயன் இல்லை; நெஞ்சுக்குழாய்க்குள் போகவேண்டும். அதற்கு ஒரு கருவியும் உருவாயிற்று. உள்ளே ஒரு குட்டி விசிறி. மூச்சை இழுத்தால் விசிறி சுழலும். தூள் பறந்து உள்ளே போகும். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிதான் அதற்கு மாதிரி. விமானி வேலை வீண் போகவில்லை!

1987-ல் அல்டூன்யன் காலமானார். ஆஸ்துமாவுக்கு இன்று அவர் மருந்தைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அது மறையவில்லை. தூசி ஒவ்வாமையால் கண் சிவந்து அரிக்கிறவர்களுக்குச் சொட்டு மருந்தாக இப்போதும் கொடுக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆஸ்துமாவை நம் ஊரில் ஈளை, இழுப்பு, இரைப்பு என்றெல்லாம் சொல்வார்கள். ஆஸ்துமா என்பது கிரேக்கச் சொல். 'மூச்சு வாங்குதல்' என்று அர்த்தம்.

நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. அது மேலும் மேலும் பிரிந்து, மரத்தின் கிளைகளைப்போல் ஆகிறது. கடைசிக் கிளைகள் மிகச் சிறியவை. ஆஸ்துமாக்காரருக்கு இந்தக் குழாய்களின் உட்புறம் எப்போதும் கொஞ்சம் புண்பட்டாற்போல வீங்கியே இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அவர் நன்றாக இருப்பார், ஓடுவார், சிரிப்பார். வீக்கம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ அதைச் சீண்டுகிறது. உடனே மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்வீக்கம் கூடுகிறது. கோழை சுரந்து அடைக்கிறது. காற்று உள்ளே போய்விடும். வெளியே வர முடியாது. அதுதான் விசில் சத்தம். ராத்திரியிலும் விடியற்காலையிலும் இது அதிகம்.

ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி அல்ல. ஆஸ்துமாப் பிள்ளையின் தட்டில் சாப்பிட்டால் வராது. குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வரலாம். வந்தே தீரவேண்டும் என்பது இல்லை.

ஆளைத் தப்பாகப் பிடிக்கும் போலீஸ்

ஒருவர் மீன் சாப்பிட்டால் ருசி என்கிறார். இன்னொருவருக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகிறது. என்ன காரணம்?

1921-ல் ஜெர்மனியில் இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர் கூஸ்ட்னர். வேகவைத்த மீன் அவருக்கு ஆகாது. மற்றவர் பிரவுஸ்னிட்ஸ். அவருக்கு மீன் ஒன்றும் செய்யாது. கூஸ்ட்னரின் ரத்தத்தில் இருந்து தெளிந்த நீரை எடுத்து, பிரவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். அந்த இடம் சிவந்து தடித்தது! ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இஷிசாகா என்ற ஜப்பானியக் கணவனும் மனைவியும் அதைக் கண்டார்கள். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் தனியே அதே பொருளைக் கண்டார்கள். 'ஐ.ஜி.இ.' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இஷிசாகா தம்பதியும் தங்கள் முதுகுத் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்தவர்கள்தான். இந்த நோயை ஆராய்ந்தவர்களுக்கு எல்லாம் என்ன துணிச்சல்!

ஐ.ஜி.இ. ஒரு போலீஸ்காரர் மாதிரி. குடற்புழு போன்ற திருடர்கள் உடம்புக்குள் வந்தால் பிடிப்பது அதன் வேலை. ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆளைத் தப்பாகப் பிடிக்கிறது. பூவின் மகரந்தம், பூனை ரோமம், வீட்டுத் தூசி ஆகிய சாதுக்களைத் திருடன் என்று எண்ணி ஊதல் ஊதிவிடுகிறது. அதனால் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், நெஞ்சு அடைக்கும். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல் போடுகிறவருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் பல வேளைகளில் காரணம் ஒன்றுதான். மூக்கும் நெஞ்சும் ஒரே குழாயின் இரண்டு முனை.

தலையணையில் குடியிருப்பவர்

வீட்டுத் தூசியில் எது கெடுதல் என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. 1964-ல் ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஒரு பூச்சி! கண்ணுக்குத் தெரியாது. மூன்று பூச்சிகளை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் செதிள்தான் அதற்குச் சாப்பாடு. தலையணை, மெத்தை, போர்வைதான் அதற்கு வீடு. அது கடிப்பது இல்லை. அதன் எச்சம் தூசியோடு பறந்து மூச்சில் கலப்பதால்தான் தொல்லை.

ஈரக் காற்று இந்தப் பூச்சிக்குப் பிடித்தமானது. ஆகவே கடற்கரை ஊர்களில் அது கொழுக்கிறது. தலையணை உறை, விரிப்புகளை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசினால் செத்துப்போகும். மெத்தையை மொட்டைமாடி வெயிலில் காயப்போடும் நம் பாட்டிமார் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் மெத்தையைத் தட்டும் வேலையை ஆஸ்துமாக்காரரிடம் கொடுக்கக் கூடாது! ஒட்டடை அடிப்பதும் அப்படியே. கரப்பான் பூச்சியும் ஆஸ்துமாவைக் கிளப்பும். சமையலறையை ராத்திரியே துடைத்து வைப்பது நல்லது.

புகை இன்னொரு எதிரி. விறகு அடுப்பு, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, போகிப் புகை, தீபாவளிப் பட்டாசு எல்லாமே புகைதான். வீட்டில் ஒருவர் பீடியோ சிகரெட்டோ பிடித்தால் பக்கத்தில் இருக்கும் குழந்தையும் பிடித்தாற்போலத்தான். மிளகாய் தாளிக்கும்போது குழந்தையைச் சமையலறையை விட்டு அனுப்பிவிடுங்கள். சாமிக்குப் புகை போடவேண்டும் என்றால், ஆஸ்துமாப் பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு ஜன்னலைத் திறந்துவைத்துப் போடலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

சென்னையில் இருந்து போன இலை

ஆஸ்துமா வைத்தியத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைத்தால் இழுப்புத் தணியும் என்று நம் நாட்டில் பழைய காலத்திலேயே தெரியும். சென்னையில் இருந்த ஆங்கில டாக்டர் ஒருவரும் அதைத் தெரிந்துகொண்டார். ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் அந்த வைத்தியத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அது பரவியது. ஊமத்தை வகை இலைகளை வைத்துச் சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்' ஐரோப்பாவில் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் ஒன்பது வயதில் ஆஸ்துமாவில் விழுந்தவர். அவரும் இப்படிப்பட்ட புகையை நம்பியிருந்தவர்தான்.

ஆனால் ஊமத்தை விஷம். அளவு மீறினால் புத்தி தடுமாறும், உயிரே போகும். இன்று யாரும் அதைத் தொடக்கூடாது. அதில் இருக்கும் சத்தின் வழியில் வந்த, அபாயம் குறைந்த மருந்து இப்போது ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. ஆடாதோடைக்கும் இந்தப் பெருமை உண்டு. அதன் சத்தை ஒட்டிச் செய்த சளி கரைக்கும் மருந்து 1960-களில் வந்து, இன்றும் விற்கிறது. ஆடாதோடைக் கஷாயம் இருமலுக்குச் சரி. மூச்சுத் திணறும் நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்கக் கூடாது.

மகள் கேட்ட கேள்வி

1955-ல் அமெரிக்காவில் சூசி என்று 13 வயதுச் சிறுமி. அவளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் மருந்தை நெஞ்சுக்குள் செலுத்தக் கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. ரப்பர் குமிழை அமுக்கவேண்டும். எளிதில் உடையும். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போவது பெரும் பாடு.

தலைமுடிக்கு அடிக்கும் வாசனைப் புட்டி அப்போது புதிதாக வந்திருந்தது. அமுக்கினால் 'புஸ்' என்று பீச்சும். "என் மருந்தையும் ஏன் அப்படி ஒரு புட்டியில் அடைக்கக் கூடாது?" என்று சூசி தந்தையிடம் கேட்டாள்.

தந்தை ஜார்ஜ் மெய்சன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். மறுவருஷமே, 1956-ல், அந்தப் புட்டி கடைக்கு வந்துவிட்டது. இன்று உலகமெங்கும் ஆஸ்துமாக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் 'பம்ப்' அதன் வாரிசுதான்.

பம்ப் என்றால் ஏன் பயம்?

உலகத்தில் 2019-ல் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒரே ஆண்டில் நாலரை லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் எட்டுப் பேரில் ஒருவர்தான் இந்தியர். ஆனால் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் இந்தியர் என்று கணக்கிடுகிறார்கள்.

நல்ல மருந்து இருக்கிறது. விலையும் எட்டாத விலை அல்ல. பிறகு ஏன் இத்தனை சாவு? பலருக்கு நோய் என்னவென்றே தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர் சரியான மருந்தை எடுத்துக்கொள்வது இல்லை. பயமும் வெட்கமும் தடுக்கின்றன.

"பம்ப் பழகிவிடும். ஆரம்பித்தால் விட முடியாது. அது கடைசி வைத்தியம். மாத்திரையே போதும்."

இப்படி நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். தசையைத் தளர்த்தும் சால்புட்டமால் மருந்து பம்பில் ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம்! நாற்பது மடங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, நெஞ்சுக்குக் கொஞ்சம் போய்ச் சேருகிறது. கை நடுங்குகிறது, படபடக்கிறது. பம்ப் மருந்து போகவேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. எது பலமான மருந்து என்று இப்போது சொல்லுங்கள்!

பெண்ணுக்கு ஆஸ்துமா இருந்தால் கல்யாணத்தில் மறைக்கிறார்கள். அவள் புகுந்த வீட்டில் பம்பைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவைக்கிறாள். மாமியார் எதிரில் எடுக்கப் பயந்து, திணறிக்கொண்டே அடுப்படியில் நிற்கிறாள். இது எவ்வளவு பெரிய கொடுமை! முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? கர்ப்ப காலத்தில்கூட ஆஸ்துமா மருந்தை நிறுத்தச் சொல்வது இல்லை. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

ஆஸ்துமாப் பிள்ளையை விளையாடவே விடாத வீடுகளும் உண்டு. அமெரிக்காவில் ஏமி வான் டைகன் என்ற பெண் குழந்தைப் பருவம் முதல் கடுமையான ஆஸ்துமாக்காரர். நீச்சல் பழகினார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நாலு தங்கப் பதக்கம் வாங்கினார்!

இரண்டு பம்ப், இரண்டு வேலை

ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தும் பம்ப். சில நிமிடத்தில் சுகம் தெரியும். இன்னொன்று, உள்வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு பம்ப். இதில் உடனே சுகம் தெரியாது. தினமும் எடுத்தால்தான் பலன். எடுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும். இரண்டு மருந்தும் ஒரே பம்பில் சேர்ந்தும் வருகிறது.

சுகம் தருவதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு, வீக்கத்தை ஆற்றுவதை விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. 1960-களில் பிரிட்டனில் வீரியம் கூடிய தளர்த்தும் பம்ப் பரவியது. ஆஸ்துமாச் சாவுகள் திடீரென்று பெருகின. எச்சரிக்கை செய்தபிறகே குறைந்தன. தளர்த்தும் பம்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா நிபுணர்கள் 2019-ல் விதியையே மாற்றிவிட்டார்கள். எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு எடுக்கவேண்டும். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது.

பேச முயன்றால் ஒரு முழு வாக்கியம் வரவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? குழந்தைக்கு விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறதா? பம்ப் அடித்தும் தணியவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை படுக்கவைக்க வேண்டாம். உட்காரவைத்து, சட்டைப் பித்தானைத் தளர்த்துங்கள். பம்பைத் தொடர்ந்து கொடுங்கள்.

பாட்டில் வைத்தியம்

சின்னக் குழந்தைக்குப் பம்பை அமுக்கும்போதே மூச்சை இழுக்கத் தெரியாது. மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். அதற்காக 'ஸ்பேசர்' என்ற பிளாஸ்டிக் கூடு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பம்பை அதன் ஒரு முனையில் செருகி அமுக்கினால் மருந்து கூட்டுக்குள் நிற்கும். குழந்தை மறுமுனையில் வாய்வைத்து மெல்ல இழுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கும் இது நல்லதுதான்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கூடு வாங்க முடியாத ஏழைகள் பலர். கேப் டவுன் நகரத்து டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குளிர்பானம் குடித்துவிட்டு எறியும் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார்கள். அடிப்பாகத்தில் பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டார்கள். பம்பைச் செருகி, காற்றுப் புகாதபடி ஒட்டினார்கள். பாட்டிலின் வாயைக் குழந்தையின் வாயில் கொடுத்தார்கள். கடைக் கூட்டையும் இந்தப் பாட்டிலையும் வைத்துக் குழந்தைகளிடம் சோதித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றுப் புகாமல் ஒட்டிய பாட்டில், கடைக் கூட்டைப் போலவே வேலை செய்தது!